ஒரே வீட்டில் மூன்று விதச் சர்க்கரை, உலை மட்டும் ஒன்று

கேட்டவர்: குடியாத்தம் மருமகள்

வணக்கம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகக் கேட்ட இடத்திலெல்லாம் "அரிசியைக் குறையுங்கள்" என்று சுருக்கமாகவே பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கள் வீட்டில் ஓர் ஆள் துரும்பாக இளைத்துப்போனான்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காருகிறவர்கள் ஏழு பேர். சமைப்பது நான் ஒருத்தி. ஏழு பேரில் மூவருக்குச் சர்க்கரை. மூன்றும் மூன்று தினுசு.

முதல் ஆள் என் அத்தை, கணவரின் அம்மா. 62 வயது, 74 கிலோ. நாற்பது ஆண்டுகள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றியவர். எழுந்தால் அன்றைய ஆயிரம் பீடி குறைந்துவிடும் என்று தண்ணீர் குடிக்கக்கூட எழாமல் உட்கார்ந்தவர். சர்க்கரை வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண் மாதந்தோறும் வாசலுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டு, கையோடு ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டுப் போகிறார்.

இரண்டாவது ஆள் நாத்தனார் மகள். 9 வயது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் தையல் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். பிள்ளை எங்களோடு இருந்து படிக்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் திடீரென்று படுக்கையை நனைத்தாள், இளைத்தாள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். கொண்டுபோய்ப் பார்த்தால் முதல் வகைச் சர்க்கரை என்றார்கள். நாளுக்கு நான்கு இன்சுலின் ஊசி: சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று, படுக்கும்போது ஒன்று. பேனா ஊசி. அவளே போட்டுக்கொள்வாள், நான் பக்கத்தில் நின்று எத்தனை யூனிட் என்று மட்டும் சரிபார்ப்பேன்.

மூன்றாவது ஆள் கொழுந்தன். 26 வயது, தறி வேலை. உயரம் 163 சென்டிமீட்டர். போன மாசியில் 49 கிலோ இருந்தான், இப்போது 43. கால் எரிச்சல், இரவில் ஐந்தாறு முறை எழுந்து போவது என்று ஆரம்பித்தது. ஒரு கிளினிக்கில் பார்த்தோம். சாப்பிடுவதற்கு முன் 261, சாப்பிட்ட பின் 390. அத்தைக்கு என்ன மாத்திரையோ அதையே அவனுக்கும் எழுதி, அச்சடித்த தாள் ஒன்றையும் கொடுத்தார்கள். அரிசி, கிழங்கு, வாழைப்பழம், வேர்க்கடலை எல்லாவற்றுக்கும் நேரே பெருக்கல் குறி. "உடல் எடையைக் குறைக்கவும்" என்று அடியில் கொட்டை எழுத்தில் வேறு. அந்த உடம்பில் எதைக் குறைப்பது என்று எழுதியவருக்குத்தான் வெளிச்சம்.

அத்தை அந்தத் தாளை அடுப்படிக் கதவில் சோற்றுப்பருக்கை தேய்த்து ஒட்டிவிட்டார். சோறு கூடாது என்று சொல்கிற தாள், சோற்றால் நிற்கிறது. கொழுந்தன் ஐந்து மாதமாக இரவு இரண்டு சப்பாத்தி, பகலில் ஒரு கரண்டிச் சோறு என்று ஓட்டுகிறான். பசிக்கிறது என்று சொல்வதற்கே கூச்சப்படுகிறான்.

போன வெள்ளிக்கிழமை தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகுதானே, சர்க்கரைக்கு நல்லது என்று அத்தை சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு சொம்பு குடித்தார். இரண்டு மணி நேரம் கழித்து 287. கொழுந்தன் ஒரு சொம்பு, 402. பிள்ளை ஒரு டம்ளர் குடித்தாள். கூழுக்கு எத்தனை யூனிட் என்று எனக்குத் தெரியாமல் குத்துமதிப்பாகப் போடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கி, நெற்றி வேர்த்து, பேச்சுக் குழறியது. பார்த்தால் 58. கையில் கிடைத்த சாக்லேட்டை வாயில் போட்டுவிட்டு அரை மணி நேரம் அம்மனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே அண்டா. ஒருவருக்கு ஏறுகிறது, ஒருவருக்கு எகிறுகிறது, ஒருத்திக்கு இறங்குகிறது. மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சமைக்க எனக்கு நேரமும் இல்லை, அடுப்பும் இல்லை. என்ன செய்யலாம்?

(எனக்கும் சின்னவன் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதத்தில் சர்க்கரை வந்தது. பிரசவத்தோடு போய்விட்டது. அதனால் என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

ஆரணி வாத்தியார் எழுதியது:

அம்மா, நான் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். 19 ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை, அதாவது உங்கள் அத்தை கட்சி. மற்ற இருவரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. கூழைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு.

100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து 70 கிராமை ஒட்டி இருக்கிறது. அரிசியில் 78-ஐ ஒட்டி. வித்தியாசம் அவ்வளவுதான். சுண்ணாம்புச் சத்தும் நாரும் கேழ்வரகில் கூடுதல், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை நைய அரைத்து, இரவெல்லாம் புளிக்கவைத்து, நொய்யைச் சேர்த்துக் குழைத்து, மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தால் வயிற்றுக்குச் செய்ய என்ன வேலை மிச்சம் இருக்கிறது? நேராக ரத்தத்துக்குத்தான் போகும். கூழிலும் களியிலும் நொய் எவ்வளவு போடுகிறோம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. பெயர் கேழ்வரகுக்கு, பாதி வேலை அரிசிக்கு.

என் நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதுகிறேன். எல்லாம் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தவை. கூழ் இரண்டு டம்ளர்: 244. அதே மாவில் கிளறிய களி ஓர் உருண்டை, முருங்கைக்கீரைக் கூட்டும் கொள்ளுக் கடைசலும் சேர்த்து: 186. நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி: 231. முதலில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், பிறகு மூன்று இட்லி: 172. சாப்பிட்டவுடன் தெருக்கோடி வரை போய்ப் பதினைந்து நிமிடம் நடந்த நாட்களில் இவை எல்லாவற்றிலும் இருபது முப்பது குறைந்தது.

இது என் உடம்பின் கணக்கு. உங்கள் அத்தைக்கு வேறு விடை வரலாம். ஒரே ஒரு வாரம், எதையும் மாற்றாமல், சாப்பிட்டதையும் சர்க்கரை அளவையும் எழுதிவையுங்கள். அவர் பிரச்சினை தட்டில் எது இருக்கிறது என்பதோடு, எது முதலில் வாய்க்குள் போகிறது என்பதிலும் இருக்கிறது. காய், பயறு, முட்டை அல்லது மீன் முதலில், சோறு கடைசியில். நம் பக்கத்தில் சோற்றைக் குழி பறித்துக் குழம்பை ஊற்றிய பிறகுதான் காயைத் தேடுகிறோம்.

ஆம்பூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால்கூட நான் இதே முறைதான்: முதலில் கறித்துண்டு, அடுத்தது தயிர்ப்பச்சடி, கத்திரிக்காய்த் தொக்கு, கடைசியில் பிரியாணிச் சோறு. அன்றைக்கு மட்டும் நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன்.

மூலிகை நண்பன் எழுதியது:

இவ்வளவு குழப்பமே தேவையில்லை சகோதரி. சிறுகுறிஞ்சான் இலைப்பொடி, நாவல்கொட்டைப் பொடி, வெந்தயம் மூன்றையும் சம அளவு கலந்து காலையில் வெறும் வயிற்றில் 48 நாள் கொடுங்கள். சர்க்கரை எந்த வகையாக இருந்தால் என்ன, வேர் ஒன்றுதான். சிறுமிக்கு ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம். எனக்குத் தெரிந்து பலர் நிறுத்தியிருக்கிறார்கள்.

ராணிப்பேட்டை நான்கு ஊசி எழுதியது:

தங்கச்சி, மேலே இருப்பதைத் தயவுசெய்து உங்கள் வீட்டில் யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள். நிறுத்தியவர்களில் ஒருவன் நான்தான். அந்தக் கதையைக் கேளுங்கள்.

எனக்கு 13 வயதில் முதல் வகை வந்தது. இப்போது 41. தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 19 வயதில், ஊசி போடுகிறவனுக்குப் பெண் கிடைக்காது என்று சொந்தக்காரர் ஒருவர் என்னை ஒரு வைத்தியரிடம் அழைத்துப்போனார். பொடி கொடுத்தார், ஊசியை விடச் சொன்னார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் தாகம். மூன்றாம் நாள் வயிற்றுவலி, வாந்தி. நேற்றுச் சாப்பிட்ட பரோட்டாதான் காரணம் என்று அம்மா கஷாயம் வைத்தார். நான்காம் நாள் வாலாஜாவிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் கடைசி இருக்கையில் படுத்துக்கொண்டு போனேன். நாய் இளைப்பதுபோல் மூச்சு வாங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "பையன் வாயில் பழம் அழுகிய வாசனை வருகிறதே" என்றார். அந்த வாசனைக்குப் பெயர் கீட்டோன் என்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். இன்சுலின் அறவே இல்லாத உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கிறது, ரத்தம் அமிலமாகிறது. ஆறு நாள் படுக்கை.

வேர் ஒன்று என்பது பொய். உங்கள் அத்தையின் உடம்பில் இன்சுலின் இருக்கிறது, வேலை செய்யத்தான் மாட்டேன் என்கிறது. என் உடம்பிலும் அந்தப் பிள்ளையின் உடம்பிலும் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை எங்கள் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிட்டது. கிணறே தூர்ந்துபோன பிறகு எந்த இலையைப் போட்டால் தண்ணீர் வரும்? 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு மருத்துவர்களிடம் இருந்த வைத்தியம் பட்டினி ஒன்றுதான். பட்டினி போட்டால் சில மாதம் கூடுதலாக இருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆகவே பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். அவளுக்கு விலக்கு என்று ஒரு பட்டியலே வேண்டாம். எதைச் சாப்பிட்டாலும் அதில் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று தெரிய வேண்டும், அதற்கு ஏற்ற ஊசி முன்னாலேயே போட வேண்டும். இத்தனை கிராமுக்கு ஒரு யூனிட் என்று அவளுக்கான விகிதத்தை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். என் மனைவி (ஆமாம், பெண் கிடைத்தது) ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை எனக்கென்று ஒதுக்கியிருக்கிறார். தலை தட்டி ஒரு கிண்ணம் சோறு 40 கிராம் மாவுச்சத்து என்று எடை போட்டுப் பார்த்து வைத்திருக்கிறோம். ஓர் இட்லி 12 என்று வைத்துக்கொள்கிறேன். கூழுக்கு, கரைத்த மாவை அளந்தால்தான் உண்டு. கோயில் கூழில் அது முடியாது. அதனால் கால் டம்ளர் பிரசாதமாகக் குடித்துவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

சர்க்கரை இறங்கும்போது சாக்லேட் கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் கொழுப்பு சர்க்கரையைச் சீக்கிரம் ஏற விடாது. வெறும் சர்க்கரை, பெரியவர்களுக்கு மூன்று டீஸ்பூன், அவள் வயதுக்கு இரண்டு போதும், தண்ணீரில் கரைத்து. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 70-க்கு மேல் வரவில்லை என்றால் மறுபடி அதே அளவு. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அவள் பள்ளிக்கூடப் பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும், ஆசிரியைக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று. சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். மின்சாரம் போனால் குளிர்பெட்டியை நம்ப முடியாது. நான் பெரிய மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, நடுவே சின்னக் கலயத்தை இறக்கி, அதற்குள் இன்சுலினை வைத்து ஈரத்துணி மூடி, நிழலில் வைத்துவிடுவேன். குளிர்பெட்டியில் வைத்தால் கதவில் வையுங்கள்; ஐஸ் பிடிக்கும் இடத்தில் வைத்தால் உறைந்து வீணாகிவிடும்.

சத்துவாச்சாரி செவிலியர் எழுதியது:

31 ஆண்டுகள் வார்டில் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். மருத்துவர் அல்ல. வாத்தியார் ஐயாவும் ராணிப்பேட்டைத் தம்பியும் இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கவலை அந்த மூன்றாவது பையன் மேல்தான்.

மகளே, 43 கிலோவை அவன் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் உடல் நிறை எண் 16.2 வருகிறது. 18.5-க்குக் கீழே போனாலே எடை குறைவு. 26 வயதில் இவ்வளவு ஒல்லியான ஒருவனுக்கு இவ்வளவு சர்க்கரை இருந்தால், இரண்டாம் வகை என்று எழுதி அத்தையின் மாத்திரையைக் கொடுத்து அனுப்புவது போதாது. அந்த மாத்திரை பலருக்குப் பசியையும் மட்டுப்படுத்தும். அத்தைக்கு அது நல்லது, அவனுக்கு ஆகாது.

என்னவெல்லாம் இருக்கலாம் என்றால், மெதுவாக வருகிற முதல் வகையாக இருக்கலாம். அதற்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பார்கள். கணையத்தில் கல் விழுந்து வருகிற சர்க்கரையாக இருக்கலாம். தென்னிந்தியாவில் அதை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். அடிக்கடி மேல்வயிறு வலித்து முதுகுக்குப் போகிறதா, மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா என்று அவனிடம் கேளுங்கள். கூச்சப்படுவான், உங்கள் வீட்டுக்காரரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் ஊசியோடு செரிமானத்துக்கான நொதி மாத்திரையும் தேவைப்படும்.

இவை இரண்டும் இல்லையென்றால் இன்னொன்று இருக்கிறது. வயிற்றில் இருக்கும்போதோ சின்ன வயதிலோ போதிய சாப்பாடு கிடைக்காதவர்களுக்கு வருகிற சர்க்கரை. ஜமைக்காவில் 1955-இலேயே இதைப் பற்றி எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1985-இல் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்து, ஆதாரம் போதாது என்று 1999-இல் எடுத்துவிட்டது. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்களும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரிக்காரர்களும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. இந்த ஒல்லி ஆட்களுக்கு இன்சுலின் சுரப்பு குறைவு, ஆனால் இரண்டாம் வகைபோல் உடம்பு இன்சுலினை எதிர்ப்பதில்லை என்று அளந்தே காட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. செய்தியைப் பார்த்ததும் எனக்கு முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. தறிக்காரர்கள், செங்கல் சூளை ஆட்கள், கல் உடைப்பவர்கள். எலும்பும் தோலுமாக வருவார்கள், நாங்களும் சோற்றைக் குறை என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறோம்.

அவனை வேலூருக்கு அழைத்து வந்து, நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள். இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்பதற்கு சி-பெப்டைடு என்று ஒரு சோதனை இருக்கிறது. அதுவரை எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். வாந்தி வந்தாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

உலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரே குழம்பு, ஒரே பொரியல், ஒரே சோறு வையுங்கள். முள்ளுக் கத்திரிக்காய் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு காய்க்கு ஏன் பஞ்சம்? பொரியலை இரண்டு மடங்காகச் செய்யுங்கள். எண்ணெயை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நம் கத்திரிக்காய் எண்ணெய் குடிக்கும். பருப்பைத் தண்ணீராக விடாமல் கெட்டியாக வையுங்கள். அத்தைக்குச் சோறு தம்பி சொன்ன கிண்ணத்தில் ஒன்று, காய் இரண்டு. பையனுக்கு மருத்துவர் சொல்லும் மருந்தோடு வயிறு நிறையச் சாப்பாடு, கூடவே முட்டை, பால், பயறு. அந்தத் தாளில் பெருக்கல் குறி போட்ட வேர்க்கடலை அவனுக்குத் தேவையான சாப்பாடு.

பையனுக்கும் ஊசி எழுதினால் ஒன்றை மனதில் வையுங்கள். நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பிள்ளையின் பேனாவில் இருப்பது 100 யூனிட். பேனா மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். குளிர்பெட்டிக் கதவில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கக் கூடாது. தனித்தனி டப்பா, தனித்தனி நிறம்.

கடைசியாக, அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதி நழுவிவிட்டீர்களே. கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு போவது உண்மை. பின்னாளில் இரண்டாம் வகையாகத் திரும்பி வருவதும் உண்மை. நீங்கள் கடைசியாகச் சோதித்தது எப்போது?

குடியாத்தம் மருமகள் எழுதியது:

அக்கா, சின்னவனுக்கு இப்போது ஆறு வயது. அவன் பிறந்த பிறகு பார்க்கவே இல்லை. முதலில் கொழுந்தனை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

குடியாத்தம் மருமகள் எழுதியது (ஒன்பது வாரம் கழித்து):

எல்லோரும் மன்னிக்க வேண்டும். ஆடியில் கேட்டுவிட்டுப் புரட்டாசியில் வந்து நிற்கிறேன்.

கொழுந்தனுக்குக் கணையத்தில் கல் இல்லை. எதிர்ப்பொருளும் இல்லை. இன்சுலின் சுரப்பு இருக்கிறது, ஆனால் குறைவு. செவிலியர் அக்கா சொன்ன ஐந்தாம் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, காலையும் இரவும் சின்ன அளவில் ஊசி ஆரம்பித்தார்கள். உணவு ஆலோசனை சொன்ன பெண் எடுத்த எடுப்பில், "ஏன் தம்பி இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். அவன் திருதிருவென்று என்னைப் பார்த்தான்.

மருத்துவர் விவரம் கேட்டபோது அத்தையும் உடன் இருந்தார். பிறந்தபோது எத்தனை கிலோ, சின்ன வயதில் சாப்பாடு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அத்தை ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது பள்ளிகொண்டா தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். "இவன் வயிற்றில் ஆறு மாதம். உன் மாமனார் போய்விட்டார். இலையும் தூளும் கடனுக்கு வாங்கிச் சுற்றினேன். இரண்டு பெரியதுகளுக்கும் சோற்றைப் போட்டுவிட்டு நான் வடித்த கஞ்சியைக் குடித்தேன். நான் குடித்த கஞ்சிதானே இவனுக்கும் போயிருக்கும்." அவ்வளவுதான் சொன்னார். அன்று இரவு கதவில் ஒட்டியிருந்த தாளில் தண்ணீரைத் தெளித்து ஊறவைத்து, தோசைத் திருப்பியால் சுரண்டிக்கொண்டிருந்தார். காய்ந்த சோற்றுப்பசை லேசில் விடவில்லை. நான் உதவிக்குப் போகவில்லை.

அவன் இப்போது 46 கிலோவைத் தொட்டிருக்கிறான். காலையில் 130, 140 என்று நிற்கிறது. கால் எரிச்சல் இன்னும் இருக்கிறது. புரட்டாசியில் வீட்டில் முட்டை கிடையாது. அதனால் வறுத்த வேர்க்கடலையும் மொச்சைக் குழம்பும் இரவில் பாலும். தறியில் உட்காரும்போது கடலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறான். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிட மறந்து ஒருநாள் 64-க்கு இறங்கினான். இரண்டு யூனிட் குறைத்திருக்கிறார்கள்.

வாத்தியார் ஐயா, அத்தைக்கு நோட்டுப் போட்டேன். எழுதுவது நான், ஏமாற்றுவது அவர். ஆனாலும் காயை முதலில் சாப்பிடும் பழக்கம் வந்துவிட்டது. சாப்பிட்ட பின் 180, 190-இல் நிற்கிறது. நடை மட்டும் வரவில்லை. நாற்பது ஆண்டுகள் உட்காரவைத்துவிட்டு இப்போது எழுந்து நட என்றால் எப்படி என்று கேட்கிறார். மாலையில் பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்துவரும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டேன். நடை என்று சொல்லவில்லை.

மூலிகை நண்பருக்கு: வெந்தயம் போடுகிறேன், இட்லி மாவில். ஊசி அப்படியே இருக்கிறது.

செவிலியர் அக்கா, 75 கிராம் குளுக்கோஸை எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தேன், பாதியில் குமட்டியது. இரண்டு மணி நேரம் கழித்து 156. சர்க்கரை இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்றார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் மிச்சம் வைப்பதையெல்லாம் வீணாகிறதே என்று வழித்துச் சாப்பிடும் பழக்கத்தை நிறுத்தப் பார்க்கிறேன். இது அரிசியைக் குறைப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ராணிப்பேட்டை அண்ணா, போன வாரம் பிள்ளைக்குப் பத்து வயது நிறைந்தது. ஆற்காட்டு மக்கன் பேடா வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் போய் வாங்கிவந்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அவளுக்குப் பாதி பேடா, அதற்கு 25 கிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டாள். அவள் விகிதத்துக்கு இரண்டு யூனிட் வந்தது. முன்னாலேயே போட்டுக்கொண்டு, ஜீராவை வடியவிட்டு, கண்ணை மூடிச் சாப்பிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து 171. நோட்டில் அவளே எழுதி, பக்கத்தில் ஒரு பூ வரைந்திருக்கிறாள்.

மீதிப் பாதியை மறுநாளைக்கு என்று கிண்ணத்தில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தேன். காலையில் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அத்தை அன்று என்றைக்கும் இல்லாத அதிசயமாக நடந்தே கோயிலுக்குப் போயிருந்தார்.